பேர் சொன்னால்தான் கையில் வரும்

ஹட்டன் பக்கம் கல்யாண வீடுகளில் வாசிக்கிற மூன்று பையன்கள் போன மாதம் எனக்குப் போன் எடுத்தார்கள். மாலைதீவில் ஏதோ ஒரு ஹோட்டலுக்கு வாசிக்க ஆள் எடுக்கிறார்களாம். வீடியோவில்தான் நேர்முகப் பரீட்சையாம். டிரம் செட்டைக் காட்டி, இது என்ன, அது என்ன என்று இங்கிலீஷில் கேட்பார்களாம்.

"அங்கிள், எல்லாப் பேரையும் சொல்லி ஒரு வாய்ஸ் போட்டு விடுங்க" என்றான் ஒருவன்.

"உன் கையில இருக்க போன்லயே எல்லாம் கெடக்கேப்பா."

"கெடக்குதான் அங்கிள். பாத்தா மறந்துபோகுது. நீங்க சொன்னா நிக்கும்."

சரி, தொலையட்டும் என்று போட்டேன். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் சொல்லி முடித்துவிட்டேன். நான் அதைப் படிக்க எவ்வளவு காலம் பாடுபட்டேன் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, அதுவும் பாதியில் நின்றுவிடுகிறது. பக்கத்தில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி பாக்கியம் தலை நிமிராமலே சொன்னாள்: "ஹை-ஹாட் கிளட்ச விட்டுட்டீங்க." அவள்தான் ஞாபகப்படுத்தினாள் என்று சொல்லி மறுபடியும் ஒரு வாய்ஸ் போட வேண்டியதாயிற்று. கொழுந்து பறித்த அம்மாவுக்கு இது எப்படித் தெரியும் என்று பையன்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதையெல்லாம் அவர்களிடமே சொல்லித் தீர்த்திருப்பேன்.

நான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் பேண்டில் டிரம் வாசித்து ஓய்வு பெற்றவன். வலது காதில் பகலும் இரவும் ஒரு சில்வண்டு கத்துகிறது. பெடல் மிதித்த முழங்கால் படியேற மறுக்கிறது. ஓய்வு பெற்றால் நிம்மதி என்றார்கள். நிம்மதியெல்லாம் இல்லை, அலுப்புதான் இருக்கிறது. அலுப்பை உட்கார்ந்து அனுபவிக்க நேரம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் பிறந்தவன். பாக்கியம் என் தாய்மாமன் மகள். மாமா தோட்டத்தில் தப்பு அடிக்கிறவர். மாசி மாதம் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டால் அவருடைய தப்பு முன்னால் போகும், ஊர் பின்னால் போகும். என் கையில் இருக்கிற தாளம் அவர் போட்டது. ஆனால் நான் ஹோட்டலுக்குப் போனது தாளத்துக்காக அல்ல, சட்டி கழுவ. சமையலறைக்குப் பக்கத்து அறையில் பேண்டுக்காரர்களின் சாமான்கள் இருந்ததால், அவற்றைத் தூக்குகிற வேலையும் என் தலையில் விழுந்தது. பழைய டிரம்மர் கப்பல் வேலைக்குப் போய்விட்ட பிறகு ஒரு மத்தியானம், பாட்டுப் பாடுகிற பெண் பயிற்சிக்கு வந்து காத்துக்கொண்டு நின்றாள். "யாராவது சும்மா தாளம் போடுங்க" என்றார் பேண்ட் மாஸ்டர். நான் போட்டேன். பாட்டு முடிந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்:

"கை இருக்கு. மத்தது ஒண்ணும் இல்ல."

அவர் பெயர் நோயல். பறங்கிக்காரர். நோயல் சேர் என்போம். சமையலறையில் கற்ற தமிழ் பேசுவார். அதில் 'நீங்க' என்ற சொல்லே கிடையாது. மனேஜரிடமும் தமிழில் பேசினால் நீ, நான்தான். கோபப்படுகிறவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபத்தை நாங்கள் தோட்டத்தில் நிறையப் பார்த்தவர்கள். தலையைக் குனிந்து நின்றால் அது தானாகக் கடந்துபோகும். நோயல் சேர் கோபப்படவே மாட்டார். கண்ணாடியைக் கழற்றி டையின் நுனியால் துடைத்துக்கொண்டு காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைத்தான் தாங்க முடியாது.

ஏப்ரல் சீசனுக்கு முன்னால் முதலாளி கொழும்பிலிருந்து வருவார், அவர் முன்னால் நான் செட்டைப் பூட்டி வாசித்துக் காட்டவேண்டும், பிடித்தால் நிரந்தர வேலை, இல்லாவிட்டால் பழையபடி சட்டி. இதுதான் ஏற்பாடு. அதற்குள் எல்லாச் சாமானுக்கும் இங்கிலீஷில் பேர் தெரிந்திருக்கவேண்டும் என்றார். ஏன் இங்கிலீஷ் என்று கேட்டேன். "கிட்டார்காரன் சிங்களம். நீ தமிழ். நான் ரெண்டும் கெட்டான். சாமான் உடைஞ்சா கொழும்புக்கு போன் பண்ணி எந்த பாஷையில கேப்ப?" என்றார். அதுவும் நியாயம்தான்.

அவருடைய முறை இதுதான். முதலில் கம்பளம் விரிக்கவேண்டும். பிறகு உட்காருகிற முக்காலி. அதற்கு 'த்ரோன்' என்று பேர், ராஜா உட்காருகிற சிம்மாசனம் என்று அர்த்தமாம். சட்டி கழுவுகிறவனுக்கு நல்ல மரியாதை! அதில் என்னை உட்காரவைத்துவிட்டு, அவர் சாமான் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பார். நான் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கேட்கவேண்டும். சொன்னால்தான் கையில் வரும். விரல் நீட்டினால் வராது. "விரல் எல்லாருக்கும் இருக்கு, பேரச் சொல்லு" என்பார். பேஸ் டிரம். அது உருளாமல் தரையில் ஊன்றுகிற கால், ஸ்பர். காலால் மிதிக்கிற பெடல். பெடலில் எழுந்து அடிக்கிற தலை, பீட்டர். ஸ்னேர் டிரம்மைத் தாங்குகிற மூன்று கை, பாஸ்கெட். ஒன்று தப்பினாலும் எடுத்த சாமானைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிடுவார். ஒரு வார்த்தை திட்டமாட்டார். ஒரு நாள் சிம்பல் தட்டின்மேல் திருகுகிற சின்ன ஆணியின் பேர் ஞாபகம் வராமல் பின்னேரம் முழுக்க அந்தச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தேன். சமையலறையில் எல்லாரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். விங் நட். சாகும்வரை மறக்காது.

நான் வைத்த பேர்கள் என்னிடம் இருந்தன. விங் நட்டுக்கு வண்ணத்திப்பூச்சி ஆணி, பீட்டருக்கு உலக்கை, ஹை-ஹாட்டுக்குக் கால் ஜால்ரா. அதையெல்லாம் நோயல் சேர் ஏற்கவில்லை.

வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டுக்குப் போவேன். போனால் பாயில் விழுவேன். பாக்கியம் விடவில்லை. "இந்த வேல நெரந்தரமானாத்தான் நம்ம லயத்த விட்டு வெளிய போகலாம். எந்திரிங்க. நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன்" என்றாள். அடுப்படிச் சாமான்களை டிரம் செட் மாதிரி அடுக்கினோம். பெரிய அண்டா பேஸ் டிரம். சோற்றுச் சட்டி ஸ்னேர். இரண்டு மூடிகள் ஹை-ஹாட். அவளுக்கு ஒரு தடவை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வாள். அதற்குப் பிறகு நோயல் சேரைவிட மோசம். மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு, நான் பேர் சொல்கிறவரை தரமாட்டாள். சோறு போடவும் மாட்டாள்.

மறந்துபோகாமல் இருக்க மலையில் கொழுந்து பறிக்கும்போதும் சொல்லிக்கொண்டே போவாளாம். பக்கத்து நிரைப் பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி "டென்ஷன் ராட்" என்பாளாம், அடுத்தவள் "லக்" என்பாளாம், மூன்றாமவள் சிரிப்பாளாம். கங்காணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்னாங்கடி, என்னைய இங்கிலீசுல திட்டுறீங்களா?"

"இல்லீங்க கங்காணி, எங்க வீட்டுக்காரர் பரிச்சைக்குப் படிக்கிறாரு."

"அவரு படிக்கிறதுக்கு நீ ஏன்டி கத்துற?"

இதைச் சொல்லிச் சொல்லி பாக்கியம் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "எல்லாம் பாடமானதும் எனக்கு ஒருநா வாசிச்சுக் காட்டணும். பேரு மட்டும் சொல்லி ஏமாத்தக் கூடாது." காட்டுகிறேன் என்றேன். அவள் கேட்டது அது ஒன்றுதான். புடவை கேட்கவில்லை, தோடு கேட்கவில்லை.

முதலாளி வருவதற்கு முந்தின வாரம் ஸ்னேர் டிரம்மை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழக நோயல் சேரிடம் அனுமதி வாங்கினேன். உருட்டி அடிக்கிற அடி எனக்குச் சரியாக வரவில்லை. சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்குக் கொட்டகலையில் விடாத மழைத் தூறல், முன்னால் போகிற ஆள் தெரியாத பனிமூட்டம். சாயந்திரம் அடித்துப் பார்த்தேன், டொம்மென்று சத்தம் உள்ளேயே விழுந்தது. குளிர், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தேன்.

காலையில் பீலித் தண்ணீரில் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் லயத்து வாசலில் புகை. பாக்கியம் மானாப்புல்லைக் கொளுத்தி, டிரம்மைக் கவிழ்த்துப் பிடித்து, தீயின்மேல் வட்டமாகக் காட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா தப்பைக் காய்ச்சுகிற அதே பக்குவம், அதே கை. குளிர்ந்துபோன தப்பை அப்படிக் காய்ச்சினால்தான் தோல் இறுகிக் கணீரென்று பேசும். மாமா வீட்டில் அந்த வேலையைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள், செய்தவள். வெள்ளையாக, சொரசொரவென்று சுரண்டிய ஆட்டுத்தோல் மாதிரியே இருந்ததை அவள் ஆட்டுத்தோல் என்றே நினைத்துவிட்டாள். அது பிளாஸ்டிக் என்று நானும் சொல்லியிருக்கவில்லை. பேர்தான் சொல்லிக்கொடுத்தேன், எதால் செய்தது என்று சொல்லத் தோன்றவே இல்லை.

நான் "ஐயோ!" என்று ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அது சுருங்கி, நடுவில் ஓட்டை விழுந்து, ஓரமெல்லாம் கருகிவிட்டது. நாற்றம் லயம் முழுக்கப் பரவியது.

பாக்கியம் டிரம்மைக் கீழே வைத்தாள். "தோலுன்னு நெனச்சேங்க" என்றாள். கத்தவேண்டும் என்றுதான் எனக்கும் வந்தது. ஆனால் அவள் கையைப் பார்த்தேன், தீக்குக் கிட்டப் பிடித்துப் பிடித்துப் புறங்கை சிவந்திருந்தது. வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"நானும் வாரேன். நான்தான் செஞ்சேன்னு அந்த ஐயாகிட்ட சொல்றேன்."

"நீ வேற! பேசாம இரு."

நுவரெலியா போய்ச் சேரும்வரை பஸ்ஸில் எத்தனையோ பொய் யோசித்தேன். மழை, பஸ், எலி, என்னென்னவோ. நோயல் சேரைப் பார்த்ததும் ஒன்றும் வாயில் வரவில்லை. சாக்கைப் பிரித்தேன். அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"என்ன எரிஞ்சிருக்கு?"

நான் விரலை நீட்டினேன். அவர் காத்திருந்தார்.

"ஸ்னேர் டிரம் பேட்டர் ஹெட், சேர்."

"யாரு?"

"என் வீட்டுக்காரி, சேர். குளுருக்குத் தொய்ஞ்சு கெடக்கேன்னு நெருப்புல காய்ச்சிட்டா. எங்க தப்ப அப்படித்தான் காய்ச்சுவோம். நல்லதுக்குத்தான் செஞ்சா."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். பிறகு, ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"ஷெல்?"

"நல்லா இருக்கு, சேர்."

"ரிம்?"

"கருகியிருக்கு. வளையல."

"லக்?"

"எட்டும் இறுக்கமா இருக்கு."

"ஸ்னேர் வயர்?"

"அடியில இருக்கதால ஒண்ணும் ஆகல."

"அப்ப ஹெட் மட்டும்தான்."

"ஆமா சேர்."

"கொழும்புலருந்து வருமா?"

"முதலாளி வாரதுக்குள்ள வராது, சேர்."

"அப்ப?"

இந்த 'அப்ப'வைத்தான் மறக்க முடியாது. அதுவரை அவர் கேட்டதெல்லாம் பேர். இதற்குப் பேர் இல்லை. நான் அந்தச் செட்டை மனதுக்குள் கம்பளத்திலிருந்து ஆரம்பித்துப் பூட்டிக்கொண்டே போனேன். அண்டா, சட்டி, மூடி என்று பாக்கியம் கேட்கிற வரிசையில்தான் எனக்கு வந்தது. தரையில் மூன்று காலில் நிற்கிற ஃப்ளோர் டாமுக்கு வந்ததும் நின்றேன்.

"சேர், ஃப்ளோர் டாமும் பதினாலு இஞ்சிதான். அதோட அடியில இருக்க ரெசோனண்ட் ஹெட்டக் கழட்டி இதுல போடலாம். டாம் அடி இல்லாமயும் பேசும்."

"அது மெல்லிசு. கிழியும்."

"மெதுவா அடிச்சா கிழியாது."

"யாரு அடிக்கப் போறது?"

"நான்தான், சேர்."

"அப்ப மெதுவா அடி."

சட்டைப் பையிலிருந்து, ஹெட்டை இறுக்குகிற டிரம் கீயை எடுத்து என் கையில் வைத்தார். பேர் கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். எதிரெதிராக ஒவ்வொரு டென்ஷன் ராடாக, ஒரே பக்கமாக இழுத்துவிடாமல், கால்வாசி கால்வாசித் திருகாக இறுக்கினேன். அவர் பக்கத்தில் நின்று பிளேன்டீ குடித்தார்.

முதலாளி வந்தார், கேட்டார், தலையை ஆட்டினார். டாமுக்கு அடி இல்லை என்று அவருக்குத் தெரியவில்லை. வேலை நிரந்தரமாயிற்று.

ஆனால் கருகின நாற்றம் ஸ்டோர் வரை போய், விஷயம் மனேஜர் காதில் விழுந்துவிட்டது. அவர் ஒரு சட்டம் போட்டார்: பேண்ட் சாமான் எதுவும் இனி கேட்டைத் தாண்டக்கூடாது. வேலைக்காரர்களின் வீட்டு ஆட்கள் உள்ளே வரக்கூடாது என்பது ஏற்கனவே இருந்த சட்டம். டிரம் வெளியே போகாது, பாக்கியம் உள்ளே வரமாட்டாள். இரண்டு சட்டத்துக்கும் நடுவில் நான் கொடுத்த வாக்கு மாட்டிக்கொண்டது. சட்டம் போட்டவர்கள் மாறினார்கள், சட்டம் மாறவில்லை.

ஒரு சீசனில் அவள் பிடிவாதமாக வந்தாள். பின்பக்கக் கேட்டில் நின்றால் சத்தமாவது கேட்கும் என்று நானும் வரச் சொன்னேன். அன்றைக்குப் பார்த்து கரண்ட் போயிற்று. கேட்டுக்குப் பக்கத்தில்தான் ஜெனரேட்டர். இரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டுப் போயிருக்கிறாள். அடுத்த வாரம் வீட்டுக்குப் போனதும், "எப்படி இருந்திச்சு?" என்று கேட்டேன். "ஜெனரேட்டர் நல்லா வாசிச்சிச்சுங்க" என்றாள். சிரித்தோம். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதற்குப் பின் நடந்ததெல்லாம் வேலை. சித்திரை வருஷப்பிறப்புக்கு நான் ஒரு தடவையும் வீட்டில் இருந்ததில்லை, அது எங்களுக்குச் சீசன். லயத்தை விட்டு வந்தோம், கொட்டகலை பஜாரிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு வீடு கட்டினோம், பிள்ளைகள் படித்தார்கள். அதெல்லாம் அந்தச் செட்டால் வந்ததுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். நோயல் சேர் மகளோடு அவுஸ்திரேலியாவுக்குப் போனார். கொரோனா வந்து ஹோட்டலை மூடினார்கள். திறந்தபோது ஐந்து பேர் பேண்ட் இரண்டு பேராயிற்று. கீபோர்ட் தம்பி ஒரு பொத்தானை அமுக்கினால் அதற்குள்ளேயே டிரம் வாசிக்கும். நான் அதற்கு மேல் சும்மா தட்டிக்கொண்டிருந்தேன். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. ஓய்வு பெறும் நாள் வந்தபோது எனக்குக் கவலையே வரவில்லை. எப்போது படுக்கலாம் என்றுதான் இருந்தது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை. புதிதாக வந்த மனேஜர் நல்ல பிள்ளை. "அங்கிள், ஆன்ட்டியையும் கூட்டிட்டு வாங்க, மத்தியானம் இங்கேயே சாப்பிடட்டும்" என்றார். சட்டம் அவ்வளவு சுலபமாக விழுந்துவிட்டது. எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாமே!

பாக்கியத்தைத் தூணோரம் ஒரு மேசையில் உட்காரவைத்தார்கள். நீலப் புடவை கட்டியிருந்தாள். நான் கம்பளத்திலிருந்து ஆரம்பித்துச் செட்டைப் பூட்டியபோது அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். ஒவ்வொரு சாமானாகப் பேர் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு வாசித்தேன். முழங்கால் வலித்தது, வலியோடேயே பெடலை மிதித்தேன். கீபோர்ட் தம்பியிடம் அந்தப் பொத்தானை அமுக்காதே என்று சொல்லிவிட்டேன். உருட்டி அடிக்கிற அடி அன்றைக்கு வந்ததுபோல எனக்கு என்றைக்கும் வந்ததில்லை. சாப்பாட்டுக்கு வந்தவர்கள் தட்டோடு போனார்கள், வந்தார்கள். கரண்டிச் சத்தம், பிள்ளைகள் சத்தம். முடிந்ததும் மனேஜர் ஒரு பொன்னாடை போட்டார். இரண்டு மேசைகள் கை தட்டின.

திரும்பி வரும்போது ஹட்டன் பஸ்ஸில் இடம் கிடைத்தது. நானுஓயாவும் தாண்டியது. எப்படி இருந்தது என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது. இந்த வயதில், கட்டின பெண்டாட்டியிடம், பயம்.

அவளே கேட்டாள். "அங்க ஒருத்தரும் உங்கள நிமிந்து பாக்கலையே?"

"அது சாப்பாட்டு நேரத்துப் பாட்டு. அப்படித்தான்."

"இத்தன வருசமுமா?"

"இத்தன வருசமும்தான்."

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தலவாக்கலையில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அப்புறம்தான் சொன்னாள்.

"எங்கப்பா தப்பக் கையில எடுத்தா வீட்டுல ஒருத்தரும் சோத்துல கை வைக்க மாட்டோம். கீழ வைக்கிற வரைக்கும் பச்சப்புள்ளைக்கும் சோறு கெடயாது. அது மருவாதி. நான் தட்டத் தொடலீங்க. அந்த வெள்ளச் சட்ட தம்பி வந்து வந்து கேட்டாரு, சாப்பாடு புடிக்கலயாம்மான்னு. நீங்கதான் குச்சியக் கீழயே வைக்கலயே."

நான் வாசித்து முடிப்பதற்குள் பஃபேயை எடுத்துவிட்டார்கள். அது எனக்குத் தெரியாது. காலையில் குடித்த தேத்தண்ணியோடு இருந்திருக்கிறாள்.

"உசுரு போகுது பசி" என்றாள்.

கொட்டகலையில் இறங்கியதும் பஜாரில் நானாவின் சாப்பாட்டுக் கடையில் அவளுக்கு ரொட்டியும் கறியும் எடுத்தேன். எங்கே உட்கார்ந்தாலும் மேசையில் தாளம் போடுகிற பழக்கம் எனக்கு. கேட்காமலே விரல் போகும். அவள் சாப்பிட்டு, கை கழுவி, வந்து உட்காரும்வரை இரண்டு கையையும் மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.